பழைய எச்எச்டியிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு: கிடங்கை நிறுத்தாமல் மாற்றும் முறை

பார்கோடு படிக்கும் பழைய கையடக்கக் கருவிகளான எச்எச்டிகளில் (பேச்சில் ‘கன்’) ஓடும் விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் முடித்தது. அதே விண்டோஸ் சிஇ குடும்பத்தின் கடைசிப் பதிப்பான எம்பெடட் காம்பாக்ட் 2013-க்கு 2023 அக்டோபர் 10-இல் ஆதரவு முடிந்தது. ஆனாலும் அந்தப் பழைய எச்எச்டிகள் எத்தனையோ கிடங்குகளில் இன்னும் உழைக்கின்றன. டிரிகரை அழுத்தினால் இன்றும் பீப் அடிக்கும். தொல்லை வெளியிலிருந்துதான் வரும். ஐடி துறை புது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) மாட்டி, பழைய டிகேஐபி பாதுகாப்பு முறையையும் குறைந்த வேகங்களையும் அணைத்துவிடும். மறுநாள் காலை ஒரு கன்னும் வைஃபையில் சேராது. அல்லது சர்வரில் பழைய டிஎல்எஸ் (தகவலை மறையாக்கி அனுப்பும் முறை) பதிப்பை மூடுவார்கள். லாகின் திரையே வராது. அல்லது அந்த மாடலுக்கு நல்ல பேட்டரி சந்தையில் கிடைக்காது.

அப்போது அவசரமாக 20 ஆண்ட்ராய்டு கன் வாங்கி, பழைய மென்பொருளோடு கோத்து, திங்கட்கிழமை ஷிஃப்டில் கொடுத்துவிட்டால் அந்த வாரம் முழுக்க டிஸ்பாட்ச் திணறும். கன் வாங்குவது இந்த வேலையில் நான்காவது படி. அதற்கு முன் பழைய அமைப்பு என்ன செய்கிறது என்று எழுதி வைப்பது, லேபிள், வைஃபை என்ற மூன்றும் முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு பிழைக்கும் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். உண்மைக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில்: கையில் இருப்பது எந்தத் தலைமுறை?

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டிராய் ஊரில், மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் யுபிசி பார்கோடு முதன்முதலாகக் கடைக் கவுன்டரில் ஸ்கேன் செய்யப்பட்டது. அது எண்களை மட்டுமே தாங்கும் கோடு. கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் எழுத்தும் வேண்டும். அதே 1974-இல் இன்டர்மெக் நிறுவனம் கோட் 39-ஐக் கொண்டுவந்தது. 1980-இல் சிம்பல் டெக்னாலஜீஸ் கையில் பிடிக்கும் லேசர் ஸ்கேனரை வெளியிட்டது. அதன் துப்பாக்கி வடிவத்தால்தான் இன்றும் நாம் ‘கன்’ என்கிறோம். 1981-இல் கோட் 128 வந்தது. யுபிசி, கோட் 39, கோட் 128 மூன்றும் உங்கள் ரேக்கிலும் அட்டைப் பெட்டியிலும் இன்னும் கலந்தே ஒட்டியிருக்கும். மாற்றும்போது இந்தக் கலப்புதான் முதலில் இடறும்.

கருவியிலும் மூன்று வகை உண்டு. எது உங்களுடையது என்று பார்த்தாலே தெரியும்.

கன்னைத் தொட்டிலில் வைத்தால்தான் டேட்டா கணினிக்குப் போகிறதா? அது பேட்ச் வகை. ஸ்டாக் கணக்கு எப்போதும் கடைசியாகத் தொட்டிலில் வைத்த நேரத்துக்குரியது. இங்கே கன்னை மட்டும் மாற்றினால் போதாது. உடனுக்குடன் பதியும் முறைக்கு வேலைப் பழக்கமே மாற வேண்டும்.

திரையில் வெறும் எழுத்து மட்டும், 16 வரி 20 எழுத்து அளவில், எஃப்1, எஃப்2 என்று பொத்தான்கள் என இருந்தால் அது டெல்நெட் வகை, அதாவது சர்வரின் எழுத்துத் திரையைத் தொலைவிலிருந்து காட்டுவது. 1985-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, உரிமம் வாங்காமல் பயன்படுத்தச் சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது, 1997-இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலை வந்தது. அதன் பிறகு கிடங்குக்குள் வயரில்லாமல் சர்வரோடு நேரடியாகப் பேசுவது பரவலானது. இந்த வகையில் கன் வெறும் திரை. விதிகள் எல்லாம் சர்வரில் இருக்கும். மாற்றுவதற்கு மிகச் சுலபமானது இதுதான்.

பொத்தானும் பெட்டியும் உள்ள விண்டோஸ் ஃபார்ம் தெரிந்தால், கன்னுக்குள்ளேயே ஒரு நிரல் ஓடுகிறது. இதுதான் கடினமானது. எந்த பார்கோடு எத்தனை இலக்கம், முன்னால் எதை வெட்ட வேண்டும், எந்தக் கோட்டை மறுக்க வேண்டும் என்ற விதிகள் அந்த நிரலுக்குள் புதைந்திருக்கும். பல இடங்களில் அதன் சோர்ஸ் கோடு யாரிடமும் இருப்பதில்லை.

எந்த வகையானாலும் இதைச் செய்யுங்கள். கிடங்கில் புழங்கும் ஒவ்வொரு விதமான பார்கோடிலும் ஒரு மாதிரி எடுங்கள்: ரேக் லேபிள், பேலட் லேபிள், ஒவ்வொரு சப்ளையரின் பெட்டி, உள்ளே இருக்கும் சில்லறைப் பாக்கெட், ஊழியர் அட்டை, டாக் கதவு. சாதாரணமாக 30 முதல் 40 வரை வரும். பழைய கன்னால் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, சர்வருக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று எழுத்துப் பிசகாமல் ஒரு அட்டவணையில் குறியுங்கள். இந்த ஒரு தாள்தான் பின்னால் புது கன்னுக்கான தேர்வுத் தாள். இதைச் செய்யாமல் பழைய கன்களை அணைத்துவிட்டால், அவை 15 வருடமாகச் சத்தமில்லாமல் செய்துவந்த திருத்தங்கள் என்னென்ன என்று கேட்க ஆளே இருக்காது.

உதாரணமாக, அமெரிக்கச் சரக்கில் உள்ள யுபிசி 12 இலக்கம். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது இஏஎன்-13. பழைய கன் பூஜ்யம் சேர்த்து அனுப்பி, ஐட்டம் மாஸ்டரில் (பொருள்களின் மூலப் பட்டியல்) 13 இலக்கமாகவே பதிவாகியிருக்கும். புது கன் 12 இலக்கம் அனுப்பும். ‘பொருள் இல்லை’ என்று திரை சொல்லும். பொருள் கண்ணெதிரே இருக்கும்.

இரண்டாவது: லேபிள்

லொக்கேஷன் பெயரை எல்லா இடத்திலும் ஒரே நீளத்தில் வையுங்கள். சந்து, பே (ரேக்கின் ஒரு பகுதி), மட்டம், இடம் என்ற வரிசையில் 02-14-03-2 என்பது போல. 2-14-3-2 என்று பூஜ்யத்தை விட்டுவிட்டால் வரிசைப்படுத்தும்போது 10-ஆம் சந்து 2-க்கு முன்னால் வந்து நிற்கும். பிக்கிங் ஆள் கிடங்கைக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். லொக்கேஷன் கோட்டின் தொடக்கத்தில், பொருள் கோடு எதிலும் வராத ஒரு குறியைச் சேருங்கள். அப்போது லொக்கேஷன் கேட்கும் பெட்டியில் பொருளை ஸ்கேன் செய்தால் மென்பொருள் உடனே மறுக்கும். இது சின்ன வேலை. இது தடுக்கும் பிழைகளோ ஏராளம்.

அச்சில் கவனிக்க வேண்டியது புள்ளிக் கணக்கு. 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டரில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. ஆகவே மிக ஒல்லியான கோடு 0.25 அல்லது 0.375 மி.மீ. என்று புள்ளியின் முழு மடங்காகத்தான் இருக்க வேண்டும். வேர்டில் பார்கோடு படத்தை ஒட்டி மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் ஒன்றரைப் புள்ளி, இரண்டேகால் புள்ளி என்று வரும். பிரின்டர் தன் இஷ்டத்துக்கு முழுமையாக்கும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த லேபிள் பத்தில் மூன்று தடவை படிக்காது. பார்கோட்டைப் பிரின்டரின் சொந்தக் கட்டளையிலேயே உருவாக்கச் சொல்லுங்கள்.

இரு பக்கமும் வெற்றிடம் வேண்டும். ஒல்லிக் கோட்டின் அகலத்தைப் போல் 10 மடங்கு. டேப் ஒட்டியோ, பார்டர் கோடு போட்டோ அதை அடைக்கக் கூடாது. சிவப்பு நிறக் கோடுகள் வேண்டவே வேண்டாம்; லேசரின் சிவப்பு ஒளியில் சிவப்பும் வெள்ளையாகவே தெரியும்.

பிரின்ட் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துபோனால் லேபிள் ஓடும் திசையில் ஒரு வெள்ளைக் கீற்று விழும். கோடுகள் அதே திசையில் நின்றால், ஒரு முழுக் கோடே காணாமல் போகலாம், லேபிள் படிக்காது. கோடுகள் குறுக்கே, ஏணிப் படிகளின் திசையில் அச்சானால் அந்தக் கீற்று எல்லாக் கோட்டையும் மெல்லிசாக வெட்டிப் போகும். மற்ற இடத்தில் ஸ்கேன் ஆகிவிடும். இடம் இருந்தால் இரண்டாவது முறையையே தேர்ந்தெடுங்கள்.

ரேக் லேபிளுக்கு ரிப்பன் போட்டு அச்சடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் முறை. ரிப்பனில்லாத டைரக்ட் தெர்மல் காகிதம் வெயிலிலும் சூட்டிலும் கறுத்தோ மங்கியோ போகும். இரண்டு நாளில் கிளம்பிவிடும் கூரியர் லேபிளுக்கு அது போதும். மேல் மட்டங்களுக்கு ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி படிக்க வேண்டுமென்றால் ஒளியைத் திருப்பி வீசும் தாளில் பெரிய கோடாக அச்சடித்து அந்தந்த பீமில் ஒட்டலாம். செலவு அதிகம் என்று எல்லா மட்ட லேபிளையும் கண்மட்டத்தில் அடுக்கி ஒட்டுபவர்கள், மட்டத்துக்கு ஒரு நிறமும் அம்புக்குறியும் கொடுக்க வேண்டும். அப்படியும் மூன்றாம் மட்டத்தை ஸ்கேன் செய்து நான்காம் மட்டத்தில் வைக்கும் பிழை முழுதாகப் போகாது. அந்த ரேக்குகளை ஸ்டாக் எண்ணும்போது அடிக்கடி பாருங்கள்.

பெட்டி பார்கோட்டின் உள்ளே

சப்ளையர் பெட்டியில் உள்ள நீண்ட பார்கோடு பெரும்பாலும் ஜிஎஸ்1-128. அதில் 01 என்றால் 14 இலக்கப் பொருள் எண், 17 என்றால் காலாவதித் தேதி, 10 என்றால் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி எண்), 21 என்றால் சீரியல், 00 என்றால் பேலட்டுக்கான 18 இலக்க எண். லேபிளின் அடியில் (01), (17) என்று அடைப்புக்குறியோடு தெரியும். அந்த அடைப்புக்குறி நாம் படிக்க மட்டுமே. பார்கோட்டுக்குள் அது இல்லை. நிரல் எழுதுபவர் அடைப்புக்குறியைத் தேடி எழுதினால் ஒன்றும் கிடைக்காது.

பொருள் எண்ணும் தேதியும் நிலையான நீளம் கொண்டவை. பேட்ச் 20 எழுத்து வரை எவ்வளவும் இருக்கலாம். அதனால் பேட்ச் முடிந்ததும் வேறு எதுவும் தொடர்ந்தால் நடுவில் ஒரு பிரிப்புக் குறி வரும். ஸ்கேனர் அதை ஆஸ்கி 29 என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக அனுப்பும். இப்படி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம்: பொருள் 18901234567897, தேதி 261130, பேட்ச் 4471, சீரியல் 305. பிரிப்புக் குறி சரியாக வந்தால் பேட்ச் 4471. வராவிட்டால், அடுத்து வரும் 21-ஐயும் 305-ஐயும் சேர்த்து 447121305 என்ற பேட்ச் பதிவாகும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. எண்ணிக்கை சரி, தேதி சரி. ஆறு மாதம் கழித்து 4471-ஐத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் வரும்போது, அந்தப் பேட்ச் உங்கள் கிடங்குக்கு வந்ததே இல்லை என்று கணினி சொல்லும். மருந்தோ உணவோ வைத்திருக்கும் கிடங்கில் இதைவிட மோசமான பிழை கிடையாது.

இது ஆண்ட்ராய்டுக்கு மாறும்போதுதான் அதிகம் நடக்கிறது. ஸ்கேன் செய்ததை விசைப்பலகைத் தட்டல்போல அனுப்பும் முறையில், அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை உரைப் பெட்டி பல நேரம் விழுங்கிவிடும். தீர்வு இரண்டு. ஆப்புக்கு இன்டென்ட் (ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொன்றுக்கு நேரடியாகத் தகவல் தரும் முறை) வழியாக டேட்டாவைக் கொடுங்கள். அல்லது ஸ்கேனர் அமைப்பிலேயே ஆஸ்கி 29-ஐ செங்குத்துக் கோடுபோல ஒரு தெரியும் குறியாக மாற்றி, நிரலில் அதைக் கொண்டு பிரித்தெடுங்கள்.

தேதியில் ஒரு நுணுக்கம்: நாள் இடத்தில் 00 வரலாம். அதற்கு அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். 261100 வந்தால் நவம்பர் 30 என்று எடுக்க வேண்டும். தவறான தேதி என்று மறுக்கும் மென்பொருளில் ஊழியர் கையால் ஏதோ ஒரு தேதியை அடித்துவிட்டுப் போவார்.

மூன்றாவது: வைஃபை

காலியான குடோனில் சிக்னல் அளந்து ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவது வீண். இரும்பு ரேக் அலையைத் திருப்பும், தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் டின்னும் அதை உறிஞ்சும். சரக்கு நிறைந்திருக்கும் வாரத்தில், வாங்கப்போகும் அதே மாடல் கன்னை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் நடந்து அளக்க வேண்டும். மிக மோசமான மூலையிலும் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்லது கிடைக்க வேண்டும். தொடர்ந்து பிங் (சர்வருக்கு அனுப்பி விடை பெறும் சோதனைச் செய்தி) ஓட விட்டு நடந்தால், எந்த இடத்தில் ஒரு விநாடிக்கு மேல் விடை வராமல் போகிறதோ அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவதில் சிக்கல் என்று அறியலாம்.

சிக்னல் போதவில்லை என்றால் ஆக்சஸ் பாயின்டின் சக்தியை உச்சத்துக்கு ஏற்றுவது பலரும் செய்வது. கன்னின் ரேடியோ சிறியது. அது கேட்கும், ஆனால் அதன் குரல் திரும்பிப் போய்ச் சேராது. திரையில் நான்கு கோடு சிக்னல் காட்டிக்கொண்டே இணைப்பு அறும். சக்தியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மாற்றக் காலத்தில் இரண்டு வலைப் பெயர்கள் வையுங்கள். பழைய கன்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, அவை ஓய்வு பெறும் நாளில் அணைத்துவிடலாம். புதியவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், முடிந்தவரை 36 முதல் 48 வரையும் 149 முதல் 161 வரையும் உள்ள சேனல்களில். இடையிலுள்ள சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. கன்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவும் நேரம் எடுக்கும்.

நான்காவது: கன்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கான்கிரீட்டில் 1.5 மீட்டருக்குக் குறையாமல் விழுந்து தாங்குவது, ஐபி65 (தூசும் பீய்ச்சும் தண்ணீரும் தாங்கும் தரம்) அல்லது மேல், கழற்றி மாட்டும் பேட்டரி, இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று உற்பத்தியாளர் எழுத்தில் தருவது. லேசர் வேண்டாம், படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வாங்குங்கள், க்யூஆரும் டேட்டா மேட்ரிக்ஸும் அதில்தான் படிக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களுக்கு மட்டும் தொலைவு படிக்கும் மாடல். சாதாரண மொபைல் போனின் கேமராவால் பிக்கிங் செய்வது நாளுக்கு 50 ஸ்கேன் உள்ள இடத்துக்குச் சரி. ஆயிரம் ஸ்கேன் உள்ள இடத்தில் ஆளையும் போனையும் சோர்வாக்கும். 20 பேர் ஷிஃப்டுக்கு 22 கன், இரண்டு ஷிஃப்ட் ஓடினால் கன்னுக்கு இரண்டு பேட்டரி.

ஐந்தாவது: ஸ்கேன் அமைப்பு

புது கன் பெட்டியிலிருந்து வரும்போது ஏறத்தாழ எல்லா வகை பார்கோடும் திறந்தே இருக்கும். தேவையானவை தவிர மற்றதை மூடுங்கள். குறிப்பாக அட்டைப் பெட்டியில் வரும் ஐடிஎஃப் வகை. ஸ்கேன் கோடு சாய்வாகப் பட்டு பார்கோட்டின் பாதியை மட்டும் தொட்டாலும் அது ஒரு குட்டி எண்ணாகப் படித்துவிடும். அந்த வகை உங்களுக்குத் தேவைப்பட்டால், நீளத்தை 14 என்று பூட்டினால் இது தீரும்.

அடுத்து, ஸ்கேனுக்குப் பின்னால் என்டர் அனுப்புவதா, டேப் அனுப்புவதா? பழைய அட்டவணையைப் பார்த்து அதையே வையுங்கள். கன் என்டர் அனுப்ப, ஆப்பும் தானாகச் சமர்ப்பிக்க எழுதப்பட்டிருந்தால் ஒரே வரவு இரு முறை பதியும். இதற்கு உறுதியான காப்பு ஒன்றுதான்: ஒவ்வொரு பதிவுக்கும் கன்னிலேயே ஒரு தனி எண் உருவாக்கி அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்க வேண்டும். வைஃபை அறுந்து ஆப் மறுபடி அனுப்பும் நேரத்திலும் இதுதான் காப்பாற்றும்.

ஒரு பெட்டியில் நான்கைந்து பார்கோடு இருக்கும்போது இமேஜர் படத்துக்குள் அகப்பட்ட ஏதோ ஒன்றைப் படித்துவிடும். லேசரில் பழகியவர்களுக்கு இது புதுத் தொல்லை. குறிப்புள்ளி படும் கோட்டை மட்டும் படிக்கச் சொல்லும் பிக்லிஸ்ட் முறையைப் போடுங்கள். ஜீப்ரா நிறுவனக் கன்களில் டேட்டாவெட்ஜ் என்ற ஆப்பில் இவை எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஆப்புக்கு ஒரு தனி ப்ரொஃபைல் செய்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ப்ரொஃபைல் 0-ஐ அணைத்துவிடுங்கள். பளபளக்கும் ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிய பேலட்டில் நேராகப் பிடித்தால் ஒளி திரும்பி அடிக்கும். சற்றுச் சாய்த்துப் பிடிக்க ஊழியர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

முடிந்ததும் முதல் படியில் எழுதிய 40 வரித் தாளை எடுத்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஆறாவது: திரை, பிறகு மாற்றம்

டெல்நெட் வகையாக இருந்தால் புதுத் திரை எழுத அவசரப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கான டெர்மினல் எமுலேட்டர்கள் உள்ளன. அதே 16 வரித் திரை புது கன்னில் அப்படியே ஓடும். முதலில் கருவியை மாற்றி, அது நிலைத்த பிறகு திரையை மாற்றுவதுதான் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பிழை எதனால் என்று பிரித்தறிய முடியாது. ஆண்ட்ராய்டு, பேட்டரியைச் சேமிக்க ஆப்பைத் தூங்க வைக்கும்; இணைப்பு அறுந்து, ஊழியர் எடுத்த டாஸ்க் சர்வரில் அவர் பெயரில் பூட்டியே கிடக்கும். அந்த ஆப்புக்குப் பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுத்து, கீப்அலைவையும் (இணைப்பு அறாமல் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) போடுங்கள். மென்பொருள் விசைப்பலகை பாதித் திரையை மறைக்கும் என்பதால் அதையும் அடக்கி வையுங்கள்.

வேலைகளை மாற்றும் வரிசை: முதலில் ஸ்டாக் எண்ணிக்கை, மூன்று கன்னோடு. இதில் பிழை வந்தாலும் லாரி நிற்காது. அடுத்து சரக்கை ரேக்கில் வைப்பது. பிறகு பிக்கிங், சந்து சந்தாக. கடைசியாக டிஸ்பாட்ச். மாத முடிவிலும் பண்டிகைக்கு முந்தைய வாரங்களிலும் எதையும் தொடாதீர்கள். இரண்டு வகைக் கன்னும் ஒரே சர்வரில் பதிவதால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம்; அதுதான் உங்கள் திரும்பும் வழி.

சார்ஜர் இருக்கும் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். பொதுவாக இந்த வகை பேட்டரிகள் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்க மறுக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் குடோனில் மதியம் அந்தச் சூடு சாதாரணம். இரவு ஷிஃப்ட் ஆள் எடுக்கும்போது பேட்டரி பாதியில் இருக்கும். அதைக் கன்னின் கோளாறு என்று சர்வீஸுக்கு அனுப்புவார்கள். சார்ஜர் தட்டை அலுவலக அறைக்குள், ஏசியோ நல்ல காற்றோட்டமோ உள்ள இடத்தில் வையுங்கள்.

பழைய கன்களில் நான்கை, அடுத்த முழு ஸ்டாக் எண்ணிக்கை முடியும்வரை சார்ஜில் வைத்திருங்கள். பழைய மாடல்கள் சில, பேட்டரி முழுதாக இறங்கினால் நினைவகத்தில் இருந்த அமைப்புகளையும் இழந்துவிடும். ஆகவே அமைப்புகளை முன்பே நகலெடுங்கள். விடைகொடுக்கும்போது அவற்றில் பதிந்திருக்கும் வைஃபை கடவுச்சொல்லை அழித்து, வைஃபை அமைப்பிலும் அதை மாற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரிகளை ஒருபோதும் சார்ஜில் போடாமல், தனியே எடுத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.